இரண்டாவது வழி

வன்னிப் பெருநிலத்தின் குளக்கட்டு ஒன்றிலே ஏறி நின்று பார்ப்போர் மூன்று உறுப்புக்களைக் காண்பர். நீரைத் தேக்கி நிற்கும் அணை முதலாவது. வயலுக்கு நீர் விடும் துருசு இரண்டாவது. ஆண்டின் பெரும்பகுதியும் காய்ந்து புல் முளைத்துக் கிடக்கும் வான் மூன்றாவது. அணையின் பயனும் துருசின் பயனும் குழந்தைக்கும் தெரியும். வானின் பயனோ கண்ணுக்குப் புலப்படாதது. அதனால் ஒரு பிடி நெல்லும் விளைவதில்லை. வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்ப்பவனுக்கு அது வீண் செலவு. ஆயினும் மாரி கொட்டித் தீர்க்கும் ஓர் இரவிலே குளத்தையும் குளத்தின் கீழுள்ள ஊரையும் காப்பது அந்த வீண் செலவுதான்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. வெள்ளம் வடிந்த பின்னர், கதவுகள் உரிய வேளையிலே திறக்கப்பட்டனவா என்ற கேள்வி மக்களிடையே எழுந்தது. அக்கேள்வி ஆழமானது. மேலதிகமான ஒரு வழி இருந்தால் மட்டும் போதாது. அதனை எப்பொழுது அடைப்பது, எப்பொழுது திறப்பது, யார் கையில் அதன் சாவி இருப்பது என்பனவும் தீர்க்கப்படல் வேண்டும்.

இதே கேள்வியைக் கணினி வலையமைப்புக்களை ஆக்கியோரும் அரை நூற்றாண்டுக்கு மேலாக எதிர்கொண்டு வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடையின் வரலாற்றையும் வன்னிப் பாதைகளின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவதே எமது எண்ணம். பொறியியல் நூலிலே மட்டும் கிடக்க வேண்டிய செய்தியன்று இது. துண்டிக்கப்படுதல் என்றால் என்ன என்பதைத் தன் உடலிலே அனுபவித்த ஒரு மண், இதனை வேறெவரினும் விரைவாக விளங்கிக் கொள்ளும் என்பது எமது துணிபு.

ஆங்கிலத்திலே 'ரிடண்டன்ட்' என்றொரு சொல் வழங்குகின்றது. தேவைக்கு மிஞ்சியது என்பது அதன் பொருள். முதலாளியின் வாயிலே அச்சொல் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பும் கட்டளையாகின்றது. பொறியியலாளனின் வாயிலே அதே சொல் காப்பு என்னும் பொருளைப் பெறுகின்றது. ஓர் இணைப்பு அறுந்தால் அதன் கடமையை ஏற்க வேறோர் இணைப்பு ஆயத்தமாக நிற்றலையே அவன் அவ்வாறு அழைக்கின்றான். ஒரே சொல்லின் இவ்விரு பொருள்களுக்கும் இடையே இரு வேறு உலக நோக்குக்கள் நிற்கின்றன.

1964இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பாரன், பரவலாக்கப்பட்ட தொடர்பாடல் பற்றித் தம் ஆய்வறிக்கைகளை வெளியிட்டார். அணுகுண்டுப் போரின் பின்னும் தொடர்பு நிலைக்க வேண்டும் என்ற அச்சத்திலே பிறந்த ஆய்வு அது. எல்லா முனைகளும் ஒரே நடுவத்தைப் பற்றித் தொங்கும் அமைப்பில் அந்நடுவம் வீழ்ந்தால் யாவும் வீழும். மீன்பிடி வலையைப் போன்று ஒவ்வொரு முடிச்சும் அயல் முடிச்சுக்கள் பலவற்றோடு பிணைந்த அமைப்போ பல முடிச்சுக்கள் அறுந்த பின்னும் வலையாகவே நிற்கும். இதற்கு எண்ணற்ற இணைப்புக்கள் வேண்டியதில்லை. முடிச்சொன்றுக்கு மூன்று அல்லது நான்கு இணைப்புக்கள் இருப்பினே பெரும்பயன் கிட்டும் என்பதையும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். போருக்காகப் பிறந்த சிந்தனையாயினும், சமாதான காலத்து மக்களுக்கும் அது உரியதே.

1969இன் இறுதியில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் நான்கு முனைகளோடு இயங்கிற்று. லொஸ் ஏஞ்சலிஸ், ஸ்ரான்போர்ட், சாந்தா பார்பரா ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து முக்கோணமாய் நின்றன. நான்காவதான யூட்டாவோ ஒற்றைக் கம்பியிலே தொங்கிற்று. முக்கோணத்தின் எந்தப் பக்கம் அறுந்தாலும் மூன்று முனைகளும் தொடர்பிலிருக்கும். யூட்டாவின் கம்பி அறுந்தால் அதற்கு வேறு கதியில்லை.

இந்த முக்கோணத்தை வன்னியிலும் நாம் காணலாம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் ஓடும் ஏ-9 வீதி, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் கடந்து மாங்குளத்தை அடைகின்றது. அங்கிருந்து ஏ-34 வீதி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் பிரிகின்றது. பிரதான வீதியோ முறிகண்டிப் பிள்ளையார் முன்னிலையில் வாகனங்களைச் சற்றே நிறுத்தி, கிளிநொச்சி தாண்டிப் பரந்தனை அடைகின்றது. பரந்தனிலிருந்து ஏ-35 வீதி புதுக்குடியிருப்பு வழியாக மீண்டும் முல்லைத்தீவுக்கே செல்கின்றது. மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன் என்ற மூன்று சந்திகளும் ஒரு முக்கோணம். அதற்கு வடக்கே ஆனையிறவு ஊடாகக் குடாநாட்டுக்குச் செல்லும் நெடுவீதி, 2011 வரை யூட்டாவின் கம்பியைப் போல ஒற்றையாய் நின்றது.

இனி, இம்மூன்று சந்திகளிலும் வலையமைப்பு ஆளிகள் இருப்பதாகக் கொள்வோம். சுவிட்ச் என்று பொறியியலாளர் வழங்கும் ஆளி, தன்னிடம் வரும் தகவல் பொதியின் முகவரியைப் பார்த்து உரிய வாயிலால் அனுப்பும் பெட்டியாகும். 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்திலே ரொபேட் மெற்காவ் முன்மொழிந்த ஈதர்நெற் முறையிலே இவ்வாளிகள் பணிபுரிகின்றன. அம்முறையில் ஒரு பொதி 'எல்லோருக்கும்' என்று முகவரியிடப்படலாம். அத்தகைய பொதியைப் பெறும் ஆளி, அது வந்த வாயிலைத் தவிர்ந்த ஏனைய எல்லா வாயில்களாலும் படியெடுத்து அனுப்பும்.

மாங்குளத்திலிருந்து அத்தகைய அறிவித்தல் ஒன்று புறப்படுகின்றது. ஒரு படி முல்லைத்தீவுக்கும் ஒரு படி பரந்தனுக்கும் செல்கின்றது. முல்லைத்தீவு தன் படியைப் பரந்தனுக்கு அனுப்பும். பரந்தன் தன் படியை முல்லைத்தீவுக்கு அனுப்பும். இரண்டும் மறுபடி மாங்குளத்தை அடையும். மாங்குளம் அவற்றைப் புதிய அறிவித்தல்கள் என்றே எண்ணி மீண்டும் அனுப்பும். ஈதர்நெற் பொதிக்கு ஆயுள் எல்லை இல்லை. அது தானாக இறப்பதில்லை. வட்டத்திலே சுற்றும் பொதிகளோடு புதிய அறிவித்தல்களும் வந்து சேர, சில நொடிகளிலே பாதைகள் யாவும் நிரம்பி வழியும். உண்மையான செய்திக்கு இடமிராது. இதனைப் பொறியியலாளர் அறிவிப்புப் புயல் என்பர். காப்புக்காக இட்ட மூன்றாவது இணைப்பே கேட்டுக்குக் காரணமாகின்றது. ஒழுங்கற்ற மிகுதி, பற்றாக்குறையினும் கொடியதாகலாம்.

இச்சிக்கலை 1985இல் அவிழ்த்தவர் டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்திலே பணியாற்றிய ராடியா பேர்ள்மன் என்னும் பெண்மணி. 'ஸ்பானிங் ட்ரீ' எனப்படும் அவரது நடப்பொழுங்கை, எல்லா முனைகளையும் தழுவி நிற்கும் மரம் என்று தமிழிலே விளக்கலாம். மரத்திலே கிளையிலிருந்து கிளைக்குச் செல்ல ஒரே வழிதான் உண்டு, வட்டம் இல்லை. இணைப்புக்கள் வலையாய் இருப்பினும், அவ்வலைக்குள்ளே மரமொன்றைத் தேர்ந்து, அதிற் சேராத இணைப்புக்களை அடைத்து வைப்பதே இம்முறையின் உயிர்நாடி.

அது நிகழும் விதம் எளிமையும் அழகும் வாய்ந்தது. ஒவ்வோர் ஆளிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஆளிகள் தமக்குள்ளே சிறு செய்திகளைப் பரிமாறி, மிகக் குறைந்த எண்ணுடையதை வேராக ஏற்கின்றன. பின்னர் ஒவ்வொன்றும் வேரை அடைய மிகக் குறைந்த செலவுடைய வழியைக் கணக்கிடுகின்றது. மாங்குளம் வேராயின், முல்லைத்தீவும் பரந்தனும் தத்தம் நேர்வழியால் அதனை அடையும். முல்லைத்தீவு–பரந்தன் இணைப்பு அடைக்கப்படும். அடைக்கப்படுகின்றதேயன்றி அறுக்கப்படுவதில்லை என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வேரிலிருந்து இரண்டு நொடிக்கு ஒருமுறை நலம் அறிவிக்கும் செய்தி கிளம்புகின்றது. அடைபட்ட வாயிலும் அச்செய்தியைச் செவிமடுத்துக் கொண்டே இருக்கின்றது. மாங்குளம்–முல்லைத்தீவு இணைப்பு அறுந்து போயின், அடைபட்டிருந்த வழி எவருடைய ஆணைக்கும் காத்திராது திறந்து கொள்ளும். பழைய ஒழுங்கிலே இதற்கு முப்பது முதல் ஐம்பது நொடிகள் வரை சென்றன. 1990இல் இம்முறை உலகப் பொது நியமமாயிற்று. 2001இல் வந்த விரைவு வடிவம் அக்காலத்தை மிகவும் குறைத்தது.

இதிலே ஒரு குறையும் உண்டு. மனிதர் முன்யோசனையோடு வேரைக் குறித்து வைக்காவிடின், எண் குறைந்த ஆளியே வேராகும். பழைய பெட்டிகளின் எண்கள் பெரும்பாலும் குறைந்தவையாதலால், மூலையிலே கிடக்கும் வலுக்குன்றிய கிழப்பெட்டி ஒன்று வலையமைப்பு முழுவதற்கும் அரசனாகி, எல்லாப் போக்குவரத்தும் அதன் வாசலால் வளைந்து செல்ல நேரிடலாம். திட்டமிடாத இடத்தில் முதுமையே தலைமையாகின்றது. இது கணினிக்கு மட்டும் உரிய விதியன்று.

மற்றொரு குறை, அடைபட்ட வழி சும்மா கிடப்பது. இரு கம்பிகளை இட்டு ஒன்றை மட்டும் பயன்படுத்துவானேன் என்ற கேள்வி நியாயமானதே. இரு ஆளிகளுக்கு இடையிலுள்ள பல கம்பிகளைச் சேர்த்து ஒரே இணைப்பாகக் கருதும் முறை 2000ஆம் ஆண்டிலே நியமமாயிற்று. ஒரு கம்பி அறுந்தால் எஞ்சியவை சுமையை ஏற்கும். அறாதபோது யாவும் உழைக்கும். இதனினும் பெரிய மாற்றம் பல்லடுக்கு ஆளிகளால் விளைந்தது. சாதாரண ஆளி இரண்டாம் அடுக்கைச் சேர்ந்தது. சிற்றூரிலே ஆளின் பெயரை மட்டும் அறிந்து கடிதம் கொடுப்பவனைப் போன்றது. வழிப்படுத்தி மூன்றாம் அடுக்கைச் சேர்ந்தது. மாவட்டம், நகரம் என்று முகவரியைப் பகுத்துணரும் தபாற் கந்தோரைப் போன்றது. இவ்விரு பணிகளையும் ஒரே பெட்டியின் வன்பொருளிலே மிகுந்த விரைவோடு செய்வதே பல்லடுக்கு ஆளி.

மூன்றாம் அடுக்கிலே செல்லும் பொதிக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. சந்தி ஒன்றைக் கடக்குந்தோறும் அவ்வெண் ஒவ்வொன்றாகக் குறையும். பூச்சியமாகும்போது பொதி எறியப்படும். ஆதலால் வட்டம் நேரினும் புயல் எழாது. சமமான இரு வழிகள் இருப்பின் இரண்டையும் ஒரே வேளையிலே பயன்படுத்தலாம். வலையமைப்பைச் சிறு சிறு பகுதிகளாக வகுத்து, ஒரு பகுதியின் நோய் மற்றொன்றைத் தொற்றாது காக்கலாம். வெளியுலகுக்கான வாயில் ஒன்றாயின் அதுவே வீழ்ச்சிக்கு இடமாகும் என்பதால், இரண்டு வாயில்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்து நின்று, ஒன்று விழ மற்றையது ஏற்கும் நடப்பொழுங்கும் 1998இலே வெளியிடப்பட்டது.

இவ்வொழுங்குகளைப் புறக்கணித்தால் விளைவது யாது? 2002 நவெம்பரில் பொஸ்ரன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை அதனைக் கண்டது. இரு மருத்துவமனைகள் ஒன்றான பின்னர் அதன் வலையமைப்பு ஒட்டும் தையலுமாக வளர்ந்திருந்தது. வகுத்துப் பிரிக்காத இரண்டாம் அடுக்கிலே, ஏழு ஆளிகளுக்கு மேல் நீளலாகாது என்று வகுக்கப்பட்ட எல்லையும் மீறப்பட்டிருந்தது. பெருந்தகவற் பெருக்கு ஒன்று பாய்ந்ததும் மரம் தன்னைத் தானே கணிக்க இயலாது தடுமாறிற்று. ஏறத்தாழ நான்கு நாட்கள் மருத்துவமனை காகிதத்துக்குத் திரும்பிற்று. ஆய்வுகூட முடிவுகளை ஆட்கள் கையிலே சுமந்து ஓடினர். தகவற்றுறைத் தலைவராயிருந்த ஜோன் ஹலாம்கா நடந்ததை மறைக்காது பிறர் அறிய வெளியிட்டமை பாராட்டத்தக்கது. மேலதிக வழிகள் அங்கே இருந்தன. அவற்றை ஆளும் ஒழுங்கே இருக்கவில்லை.

வன்னியின் கதையோ இதற்கு மறுதலையானது. அங்கே வழிகள் தாமாக அறுந்தவையல்ல; மனிதரால் அறுக்கப்பட்டவை.

1905இலே கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் புகையிரதம் இணைத்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய ஊர்களின் வளர்ச்சி அந்த ஒற்றைத் தண்டவாளத்தோடு பின்னிப் பிணைந்தது. 1956இலே 'யாழ்தேவி' ஓடத் தொடங்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வவுனியாவுக்கு வடக்கே சேவை நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஏ-9 வீதியும் ஆனையிறவிலே அடைபட்டது.

வழி அடைபட்டபோது மக்கள் என் செய்தனர்? வலையமைப்பு செய்வதையே செய்தனர். மற்றொரு வழியைத் தேடினர். பூநகரி–சங்குப்பிட்டி, கொம்படி–ஊரியான், கிளாலி என ஒன்று மூட ஒன்றாக நீர்வழிகள் திறந்தன. ஆழங்குறைந்த பரவைக் கடலைக் கால்நடையாகவும் வள்ளத்திலும் இரவோடிரவாக மக்கள் கடந்தனர். 1993 ஜனவரியிலே கிளாலிக் கடலிற் பயணம் செய்த பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலும் தாண்டிக்குளம், உயிலங்குளம், பிரமனாலங்குளம் எனக் கடவைகள் மாறி மாறித் திறந்தும் மூடியும் வந்தன. இயந்திரம் முப்பது நொடியிலே செய்யும் வழிமாற்றத்துக்கு வன்னி மக்கள் ஆண்டுகளையும் உயிர்களையும் விலையாகக் கொடுத்தனர்.

2002இலே போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் ஏ-9 திறந்தது. 2006 ஓகஸ்டிலே மீண்டும் மூடியது. குடாநாட்டு மக்கள் கப்பலையும் விமானத்தையும் நம்பி வாழ்ந்தனர். 2008 செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரும் பிற உதவி நிறுவனத்தினரும் வன்னியை விட்டு வெளியேறினர். 2009இல், பெப்ரவரி தொடக்கம், புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு கடல் வழியாக ஏற்றிச் சென்றது. மே மாதத்திலே போர் முடியுமுன் அவ்வழியும் அடைபட்டது.

இங்கேதான் இரு வரலாறுகளும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கின்றன. பேர்ள்மன் வகுத்த ஒழுங்கிலே ஒரு வழியை அடைப்பதன் நோக்கம் எல்லோருடைய செய்தியும் சென்றடைதலே. நலம் கூறும் குரல் சில நொடிகள் கேளாது போனால், அம்மௌனமே அபாய அறிவித்தலாகின்றது. அடைபட்ட கதவு திறக்கின்றது. வன்னியிலோ ஒரு மக்கட் கூட்டத்தின் குரல் வெளியுலகுக்குக் கேளாது போனது. அம்மௌனம் எந்தக் கதவையும் திறக்கவில்லை. உயிரற்ற பெட்டிக்குக் கற்பிக்க முடிந்த பண்பை அரசுகளுக்கும் படைகளுக்கும் உலக மன்றங்களுக்கும் கற்பிக்க எவராலும் இயலாது போனது.

போரின் பின் வழிகள் மீண்டன. 2011 ஜனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதால் மன்னாரிலிருந்து பூநகரி வழியாகக் குடாநாட்டுக்கு இரண்டாவது தரைவழி கிட்டியது. குடாநாடு ஆனையிறவை மட்டும் நம்பியிருந்த நிலை மாறிற்று. 2013 செப்டெம்பரிலே புகையிரதம் கிளிநொச்சியையும் 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. ஆயினும் பாதை இன்னும் ஒற்றையே. 2023 ஜனவரியில் அனுராதபுரம்–வவுனியாப் பகுதியைத் திருத்துவதற்காகச் சேவை நிறுத்தப்பட்டது. ஜூலை வரை மக்கள் பேருந்தையே நம்பினர். நல்ல பணிக்காக நிறுத்தப்பட்டதே. எனினும் இரண்டாவது தண்டவாளம் இல்லாத இடத்திலே திருத்தமும் துண்டிப்பாகி விடுகின்றது.

இன்று வீதியோடு கண்ணாடி இழைகளும் வாழ்வின் வழிகளாகி விட்டன. மருத்துவக் குறிப்பும், வங்கிக் கணக்கும், வெளிநாட்டிலுள்ள மகன் தாய்க்கு அனுப்பும் பணமும், மாணவனின் பாடமும் அவற்றிலே செல்கின்றன. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக எழுந்து, 2021 ஓகஸ்டிலே தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அமைந்த கிளிநொச்சி அறிவியல் நகரிலும் இளைஞர் கற்கின்றனர். அவர்கள் பாடத்தை மனனம் செய்வதோடு நில்லாது, தம் மண்ணின் மீது அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். மூன்று கேள்விகளை அவர்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, இரண்டு வழிகள் உண்மையிலே இரண்டா? இரு இழைகளை இட்டு, இரண்டையும் ஒரே வீதியோரத்து ஒரே குழியிலே புதைத்தால், மண்வெட்டும் இயந்திரத்தின் ஒரே வீச்சு இரண்டையும் அறுக்கும். ஒன்று ஏ-9 வழியும் மற்றையது கடற்கரை வழியும் செல்லும்போதே காப்பு காப்பாகும். இரண்டாவது, மேலதிக வழி சோதிக்கப்படுகின்றதா? பிரதான இணைப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்காத வரை, மாற்று இணைப்பு கடதாசியிலே வரைந்த கோடுதான். மாரிக்கு முன்னர் துருப்பிடித்த வான்கதவை உயர்த்திப் பார்க்கும் விவசாயி இதனை அறிவான். மூன்றாவது, யாருக்காக இச்செலவு? இலாபத்தை மட்டும் நோக்கும் நிறுவனம் சனம் நெருங்கிய நகருக்கு மூன்று வழியும், சனம் குறைந்த ஊருக்கு ஒரு வழியும் இடும். அதன் கணக்கிலே அது சரியே. ஆனால் துணுக்காய்க் கிராமத்துக் கர்ப்பிணிப் பெண்ணுக்கு வைத்தியருடன் பேச வேண்டிய இரவும் கொழும்புப் பெண்ணுக்கு அவ்வாறு நேரும் இரவும் ஒரே நீளமானவை. ஆதலால் இரண்டாவது வழி சந்தையின் கருணைக்கு விடப்படலாகாது. பொதுத் திட்டத்தின் கடமையாகவும் மக்களின் உரிமையாகவும் அது கொள்ளப்படல் வேண்டும்.

தேவைக்கு மிஞ்சியது என்று எவரேனும் எதையேனும் சுட்டும்போது, யாருடைய தேவைக்கு என்று நாம் கேட்போம். குளத்தைக் கட்டிய முன்னோர் கஞ்சிக்கும் திண்டாடிய ஏழைகள். அவர்களும் ஆண்டிலே சில நாட்கள் மட்டும் உழைக்கும் வானுக்குக் கல் சுமந்தனர். வீதிக்கும் தண்டவாளத்துக்கும் இழைக்கும் திட்டம் தீட்டப்படும் கூட்டங்களிலே, 'இதற்கு வான் எங்கே, அதன் சாவி யாரிடம்?' என்று வன்னி மக்கள் எழுந்து கேட்டல் வேண்டும். விடை கிடைக்கும் வரை அமராதிருத்தலும் வேண்டும்.